அந்த மூன்று நாளைப் பற்றி நீ கேட்டது

நேற்றுக் காலை பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ விசேஷம். பால் வாங்கப் போன வழியில், ஒரு மினி லாரியிலிருந்து பச்சைத் தென்னங்கீற்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அறுத்த மட்டையின் பச்சை வாடை பலருக்குக் கல்யாணத்தை நினைவூட்டும். எனக்கு உன் அரிவாள்தான் நினைவுக்கு வருகிறது. பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வேறு தெரு வழியாகச் சுற்றி வீடு வந்து சேர்ந்தேன். எழுபது வயதில், இந்த முட்டிவலியோடு, ஒரு வாடைக்குப் பயந்து தெருவைச் சுற்றுவதா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அழுவதற்கு எனக்குக் காகிதம் தேவையில்லை.

நம்மைத் தோழிகள் என்று அந்த நாளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இலுப்பூருக்கு அருகே ஓர் அரசுப் பெண்கள் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை; அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நீ சமைத்தாய். சாம்பாரில் பருப்பைக் காணோம் என்று நான் சொல்வேன். "பருப்ப நானா டீச்சர் மொளைக்க வைக்கிறது? குடுத்தாத்தான போட முடியும்" என்பாய். எட்டு ஆண்டுகளில் நமக்குள் இருந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான். உன் மகள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு, கணக்கில் சுமார், உன் கணவர் மினிபஸ் ஓட்டுகிறார் என்பவை தெரியும். மேற்கொண்டு தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாய். உன் முந்தானையில் ஓலைத் தும்பு ஒட்டியிருந்தது. பிள்ளை இரண்டு நாள் வராததற்கு விடுப்புக் கடிதம் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். "உக்காரலாமா டீச்சர்" என்றாய். அதுவரை நீ என் முன்னால் உட்கார்ந்ததே இல்லை என்பதும், நான் உட்காரச் சொன்னதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மகளை வராந்தா பெஞ்சில் இருத்தினாய். கதவைச் சாத்தப்போன என்னைத் தடுத்தாய். அவள் உன்னைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாய்.

பிள்ளை பெரியவளாகியிருந்தாள். உங்கள் வழக்கப்படி தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். அந்தச் சிறு குடிசையில் பெண்ணை உட்கார வைக்க வேண்டும். சடங்கு நாளில் அவனே சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். உனக்கு ஒரே தம்பி. ஆறு வயது இளையவன், நீ இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்று தெரிந்ததும் உன் மகள், "மாமா வர வேணாம்மா" என்றாள். ஏன் என்று கேட்டாய். சொன்னாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. பின்னால் எத்தனையோ மேசைகளில் எத்தனையோ பேர் அதை எழுதிக்கொண்டார்கள். கேட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை ஒன்றுபோலவே சொன்னாள். அது போதும்.

"மொதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா டீச்சர்? வாயிலயே அடிச்சேன். மாமனப் போயி இப்புடிச் சொல்றியே, நாக்கு அழுகிப்போயிரும்டின்னேன். மூணு நாளு அவகூடப் பேசல. சோத்தப் போட்டுத் தட்டத் தள்ளி வச்சேன்."

நான்காம் நாள் உன் தம்பி கீற்றோடு வந்து குச்சைக் கட்டினான். பெண்ணைக் காணோம். ஆட்டுக் கொட்டகைக்குள் ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நீ இழுத்துவரப் போனாய்.

"கையப் புடிச்சுத் தூக்குனேன். பிள்ள கை மாதிரியே இல்ல டீச்சர், செத்த கோழியத் தூக்குன மாதிரி தொங்குது. திரும்பிப் பாத்தா இவன் குச்சுக்கிட்ட நின்னுக்கிட்டு, 'என்னக்கா, மருமக வெக்கப்படுதா'ங்கிறான். சிரிக்கிறான். உடனே அவ ஓடியாந்து எம் பின்னால ஒளிஞ்சா. மூணு நாளு பேசாதவ நானு. எம் பின்னாலயே வந்து ஒளியிறா டீச்சர்."

மட்டை சீவிய அரிவாள் கீழே கிடந்தது. எடுத்துக் குச்சின் நான்கு காலையும் வெட்டிச் சாய்த்தாய். உன் தம்பி அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. வயல் வழியே போனான். கூடியிருந்தவர்கள் உனக்கு அருள் வந்துவிட்டதென்று முடிவுகட்டினார்கள். ஒருத்தி விபூதித் தட்டோடும் இன்னொருத்தி வேப்பிலையோடும் வந்தார்கள். "எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. இப்பத்தான் புத்தி வந்துச்சு, தள்ளிப் போங்கன்னேன்" என்றாய். நம் ஊர்க்காரர்கள் ஒரு பெண்ணின் கோபத்துக்கு வேப்பிலையைத் தவிர வேறு மருந்து அறியாதவர்கள்.

முதுகலை படித்த நான் உனக்குச் சொன்ன யோசனை உனக்கு மறந்திருக்காது. காவல் நிலையத்தில் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம், எனக்கும் கடமை என்றேன். அதுவரை சரி. பிறகு, மகளை வெளி மாவட்டத்தில் ஏதாவது விடுதியில் சேர்த்துவிடு, ஊர் வாய் எட்டாத இடத்தில் படிக்கட்டும், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"அவள ஏன் டீச்சர் அனுப்பணும்?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"கொஞ்ச நாளோ ரொம்ப நாளோ, வீட்ட விட்டுப் போனது அவதான்னு ஆயிரும்ல" என்று எழுந்துவிட்டாய்.

விவரம் தெரியாத பெண், பிடிவாதக்காரி என்று மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அதே யோசனையை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மாணவியின் பெற்றோருக்குச் சொல்லி, அவர்கள் கேட்டு, காரியம் நல்லபடி முடிந்ததாக நம்பிக்கொண்டிருந்தவள் நான். நீ வந்துபோன மறு ஆண்டு அந்த மாணவியைப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. அடையாளம் கண்டு அவளே வந்தாள். "நான் என்ன தப்புப் பண்ணேன்னு டீச்சர் என்னய அனுப்புனீங்க? அவன் எங்க தெருவுலதான இருந்தான்" என்றாள். "லீவுக்குக்கூட எங்கம்மா வரச் சொல்லல." முகத்தில் கோபம்கூட இல்லை, ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்த விடைத்தாளைப் போலிருந்தது. திருப்பூர் பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் சத்துணவுக் கூடத்துக்கு வந்து, பெயரைச் சொல்லாமல், இதை உன்னிடம் சொன்னேன். நீ அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளைட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"தப்புத்தான்னு சொல்லிருக்கலாம்" என்றாய். அவ்வளவுதான். என்னிடம் அப்படிப் பேசியவர்கள் குறைவு. அன்றிலிருந்துதான் நான் உன் வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

உன் வீட்டில் அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அலுப்புத்தான் இருந்தது. ஒற்றை அறை வீட்டில் ஒரு மூலையைப் பழைய புடவையால் மறைத்து அவளுக்கென்று விட்டாய். அந்தப் புடவைக்கு வெளியே நின்று "வரலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாய். உன் கணவர் முதலில் கேலி செய்தார். ஒரு மாதம் கழித்து அவரும் இருமிவிட்டு நின்றார். பிள்ளை ஒருநாள் தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டாள். "வெட்டுறதுதான் வெட்டுற, எலி கடிச்ச மாதிரியா வெட்டுவ? திரும்பு இங்கிட்டு" என்று சமமாக்கிவிட்டாய். எட்டாம் வகுப்பு அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் தோற்றாள். அட்டையில் கைநாட்டு வைத்துவிட்டு, வைத்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாய்.

மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர் அம்மா, "நீ சொல்றத நான் நம்புறேன்னு பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்று உனக்கு எடுத்துச் சொன்னார். "எத்தன தடவ சொல்லணும்?" என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. கணக்கே வேண்டாமென்று தினமும் சொன்னாய். பள்ளிக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "டிபன் எடுத்துக்கிட்டியா? தண்ணி எடுத்துக்கிட்டியா? நீ சொன்னது நெசம். போயிட்டு வா." முதல் தடவை கேட்டபோது எனக்கு வினோதமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் நீ காய்ச்சலில் படுத்து, சொல்ல மறந்தபோது, அவள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நின்றாள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஊர் தன் பங்கைச் செய்தது. உன் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. ஒரு தாய் என் அறைக்கு வந்து, "அந்தப் பொம்பள ஆக்குன சோத்த எம்புள்ள திங்காது" என்றாள். நாளை முதல் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள் என்றேன். மறுநாள் அவள் பிள்ளை வழக்கம்போல் இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டியது. இதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணைச் சத்துணவுக் கூடத்துக்கே அழைத்துவந்து உன் முன்னால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு தைரியம் எனக்கு அப்போது இல்லை.

வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் உன் கணவர் வண்டிக்கு லீவு போட்டு உங்களை அழைத்துப் போனார். அழைத்துப் போய்விட்டு, எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஒருநாளும் படியேறவில்லை. "மனுசன் ஸ்டியரிங்க விட்டு எறங்குனா ஊமையாயிருவாரு" என்பாய். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது உனக்கு ஆறாத ரணம் என்பது எனக்குத் தெரியும்.

மகனுக்கு எதிராகப் போலீஸில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்த உன் அம்மா, கூண்டில் ஏறியதும் அப்படி ஒன்றும் தெரியாது என்றாள். சந்தேகத்தின் பலன் உன் தம்பிக்குப் போயிற்று, விடுதலையானான். வெளியே அவனுக்கு யாரோ துண்டு போர்த்தினார்கள். உன் மகளுக்கு அப்போது பதினாறு வயது. சுவரில் சாய்ந்து நின்றவளிடம் நீ சொன்னாய்: "ஜட்ஜய்யா பேப்பர வச்சுச் சொல்றாரு. நான் உன்ன வச்சுச் சொல்றேன். வா, பசிக்குது." பரோட்டாக் கடையில் இருவரும் இரண்டிரண்டு தின்றீர்கள். திரும்பும்போது அவள் அத்தனையையும் பேருந்தின் சன்னல் வழியே வாந்தியெடுத்தாள். இதையும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டதென்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஓராண்டு வீணாயிற்று. சில மாதங்கள் அவள் கிணற்றுப் பக்கம் போனால் நீயும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே போவாய். பிறகுதான் லேப் டெக்னீஷியன் படிப்பு, வெளியூரில் வேலை எல்லாம்.

அவள் நிமிர்ந்த நேரத்தில் நீ படுத்தாய். தஞ்சாவூர் மருத்துவமனையில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது உத்தரவு. "நான் செத்தா அவன் கோடி கொண்டாருவான். எம் மேல அது விழக் கூடாது." மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து, கூடப் பிறந்தவன் கையால், புதுப்புடவை வந்து சாத்தினால்தான் உங்களில் பாடை எடுப்பார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இரண்டாவது கேள்வி. "அந்த மூணு நாள அவ மறந்திருப்பாளா டீச்சர்? எங்கிட்டச் சொல்ல மாட்டா. நீங்க கேட்டுச் சொல்லுங்க." நான் கேட்கவில்லை. மறுமுறை வந்தபோது, "மறந்திருப்பாள், சின்ன வயது" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அவன் வந்தான். காரில் ஐந்தாறு பேரோடு, தாம்பாளத்தில் புடவையோடு. உன் தலைமாட்டில் உன் மகள் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. துக்க வீட்டில் நம் சனங்கள் யாருக்கும் வழிவிடுவார்கள். அவள் நகரவில்லை, ஆனால் அவள் கை தொங்கிவிட்டது. நீ ஆட்டுக் கொட்டகையில் பிடித்த கை எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பேசுவதற்கு வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன். நாற்காலியைப் பிடித்து எழுவதற்குள் உன் கணவர் குறுக்கே வந்து நின்றார். ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

"அது வேணாம். எடுத்துக்கிட்டுப் போ."

"மச்சான், சாவு வீட்டுல எதுக்கு வம்பு? எங்கக்காவுக்கு நாஞ் செய்யிற மொற இது."

"வம்பு இல்ல. எம் மக நிக்கிறா. அவ நிக்கிற எடத்துக்கு நீ வரக் கூடாது."

ஒரு கிழவி, "பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்புடிப்பா தூக்குறது" என்று ராகம் போட்டாள். "தூக்குறவன் நானு. நான் தூக்கிக்கிறேன்" என்றார் உன் ஊமை மனிதர். நான்கு ஆண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை இது ஈடுகட்டிவிடாது. அதை அவரிடமும் சொன்னேன். "தெரியும் டீச்சர்" என்றார். ஆனால் அந்தக் கார் திரும்பிப் போயிற்று. உன் மகள் உள்ளே போய், போன தீபாவளிக்குத் தன் சம்பளத்தில் எடுத்துத் தந்த புடவையைக் கொண்டுவந்து உன்மேல் போர்த்தினாள். ரொம்பப் பளபளப்பு என்று நீ கட்டாமலே மடித்து வைத்திருந்தது. நீ கட்ட மறுத்ததை உன்னால் மறுக்க முடியாத நேரம் பார்த்துப் போர்த்திவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் உன் கேள்வியைக் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"மறக்கல டீச்சர். எப்புடி மறக்கும்? தட்டத் தள்ளி வச்ச சத்தம்கூட இன்னும் கேக்குது."

அடுத்த சட்டியை எடுத்துத் தேய்த்தாள்.

"ஆனா அம்மா அத இல்லன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நான் கோவத்துல கத்துவேன், 'நீயும்தான அடிச்ச, நீயும்தான நம்பல'ன்னு. 'ஆமா, மூணு நாளு உன்ன விட்டுட்டேன், தப்பு'ன்னு சொல்லும். பயந்துட்டேன், புரியல, தம்பிப் பாசம், அப்புடின்னு ஒரு காரணம் சேக்காது. மத்த எல்லாரும் நான் சொன்னத இல்லன்னாங்க. அம்மா மட்டும்தான் அது செஞ்சதையும் சேத்து ஆமான்னுச்சு. அதுனாலதான் அது நம்புறேன்னு சொன்னப்ப எனக்கு நம்ப முடிஞ்சுச்சு."

இதுதான் உனக்கான பதில். நான் மருத்துவமனையில் சொன்னது பொய். அதை நீ நம்பவில்லை என்பதும் தெரியும். உண்மை இதைவிடக் கசப்பானது, ஆனால் நீ அதைக் கேட்டிருந்தால் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க மாட்டாய்.

அவள் முழுக்கத் தேறிவிட்டாளா என்று கேட்காதே. பேருந்தில் இன்னும் படிக்கு அருகேதான் உட்காருகிறாள். சடங்கு வீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ போவதில்லை. மாலைகளில் அவள் அப்பா போன் செய்து "சாப்ட்டியா" என்கிறாராம். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் கிடைக்காதாம். வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பாராம். அது போதும் என்கிறாள்.

போன மாதம், முன்பு என்னிடம் படித்து இப்போது கறம்பக்குடிப் பக்கம் ஆசிரியையாக இருக்கும் ஒருத்தி, ஒரு தாயை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். பார்த்ததுமே விஷயம் புரிந்தது. புகார் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். "மொதல்ல நான் நம்பலங்க டீச்சர், ஒரு வாரம்" என்றாள் அந்தப் பெண். முன்பெல்லாம் இந்த இடத்தில், பரவாயில்லை, இப்போதாவது நம்புகிறாயே என்பேன். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது இதமாக இருக்கும்.

"பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகிட்ட சொல்லு, ஒரு வாரம் உன்னை நம்பாம இருந்தேன்னு. காரணம் சேர்க்காதே."

"சொன்னா மன்னிப்பாளா டீச்சர்?"

"தெரியாது. மன்னிக்காட்டியும் சொல்லு."

அழுதாள். தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. நான்கு மணிப் பேருந்துக்குப் போனாள். சொன்னாளா என்று தெரியாது. ஆசிரியைக்கு போன் செய்து கேட்கவும் இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டு பாடம் நடத்தினேன். இப்போது என்னிடம் மிச்சமிருப்பது, "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லை நாக்கு வரை வரவிட்டு விழுங்கிவிடும் பழக்கம் மட்டுமே. அதைக் கொடுத்தவள் நீ. வைத்துக்கொண்டிருக்கிறேன்.